காற்றாலைக்கு டெஸ்ட் வைத்த கிராமத்து வாத்தியார்: யார் இந்த பவுல் லா கூர்?

மொட்டை மாடியில் சின்னதா ஒரு காற்றாலை வைக்கலாம்னு நினைக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். விற்க வர்றவர் நீட்டுற நோட்டீஸ்ல 1 கிலோவாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் எந்த வேகக் காற்றில் அந்த 1 கிலோவாட் கிடைக்கும்? சூறைக்காற்று அடித்தால் அது தானாக நிற்குமா? ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடும் அளவுக்குச் சத்தம் போடுமா? இதெல்லாம் நோட்டீஸில் இருக்காது.

விற்பவர் சொல்வதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுக்க முடியாது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒருவர் வேண்டும். அவர் அந்த மிஷினை மாதக்கணக்கில் ஓடவிட்டு, அளந்து பார்த்து, எழுதிக் கொடுக்க வேண்டும். இன்று இதைத்தான் சோதனை, சான்றிதழ் என்கிறோம். பெரிய காற்றாலைகளுக்கு இந்த ஏற்பாடு உலகம் முழுக்க இருக்கிறது. சின்ன காற்றாலைகளுக்குத்தான் சோதனை மேடையும் ஆட்களும் பற்றாக்குறை.

காற்றாலையை அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்ற இந்த வழக்கத்தின் வேரைத் தேடிப் போனால், டென்மார்க்கில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் போய் நிற்கும். அங்கே அறிவியல் பாடம் எடுத்த வாத்தியார்தான் பவுல் லா கூர். காற்றாலை உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நம்ம ஊர்ல அதிகம் பேசப்படாத பெயர். அவர் கதையைப் பார்க்கலாம்.

யார் இவர்?

1846 ஏப்ரல் 13-ம் தேதி, டென்மார்க்கின் யூட்லாந்து பகுதியில், எபெல்டாஃப்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் லா கூர். கோபன்ஹேகனில் இயற்பியலும் வானிலை அறிவியலும் படித்தார். 1872-ல் டென்மார்க் வானிலை ஆய்வு மையம் தொடங்கப்பட்டபோது அதன் துணைத் தலைவர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 26. தலைநகரத்தில் அரசு வேலை, நல்ல பதவி. வாழ்க்கை செட்டில்னு சொல்ற மாதிரியான இடம்.

அந்த வேலையில் இருந்தபோதே அவர் மனசு தந்தி பக்கம் போனது. அந்தக் காலத்தில் ஒரு கம்பியில் ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய செய்திகள் மிகக் குறைவு. லா கூர் பள்ளி ஆய்வகத்தில் நாம பார்த்திருக்கிற இசைக்கவையைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு இசைக்கவைக்கும் ஒரு அதிர்வெண் உண்டு. ஒவ்வொரு செய்தியையும் ஒவ்வொரு அதிர்வெண்ணில் அனுப்பினால், மறுமுனையில் அதே அதிர்வெண் கொண்ட இசைக்கவை அதை மட்டும் பிரித்தெடுக்கும். ஒரே கம்பியில் பல செய்திகள் போகும்.

அமெரிக்காவில் எலிஷா கிரே, கிரஹாம் பெல் போன்றவர்களும் அதே காலத்தில் இதே பாதையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். காப்புரிமைப் போட்டி கடுமையாக இருந்தது. அடுத்து, தூரத்தில் இருக்கும் இரண்டு இயந்திரங்களை ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் ஒலிச் சக்கரத்தை லா கூர் உருவாக்கினார். இது பின்னாளில் அமெரிக்கத் தந்தித் துறையிலும் பயன்பட்டது. டென்மார்க்கின் எடிசன் என்று அவரைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பதவியை விட்டுட்டு கிராமத்துக்கு ஏன் போனார்?

1878-ல் லா கூர் எடுத்த முடிவு பலருக்கும் ஆச்சரியம். தலைநகர் வேலையை விட்டுவிட்டு, யூட்லாந்தின் தெற்கே ஆஸ்கோவ் என்ற சின்ன கிராமத்துக்கு வாத்தியாராகப் போனார்.

அது சாதாரணப் பள்ளி கிடையாது. மக்கள் உயர்நிலைப் பள்ளி என்று டென்மார்க்கில் ஒரு இயக்கமே இருந்தது. குரூண்ட்விக் என்ற சிந்தனையாளரின் கருத்தில் இருந்து பிறந்தது. விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் வந்து தங்கிப் படிப்பார்கள். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. நல்ல குடிமகனாக வாழத் தேவையான அறிவு கிடைத்தால் போதும் என்பது எண்ணம். ஆஸ்கோவ் பள்ளி இவற்றில் முக்கியமானது.

அங்கே லா கூர் கணிதமும் இயற்பியலும் எடுத்தார். சூத்திரத்தை எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை. ஒரு கண்டுபிடிப்பு எப்படி வந்தது, முதலில் மனிதர்கள் என்ன தப்பாக நினைத்தார்கள், எந்தச் சோதனை அதைத் திருத்தியது என்று வரலாறாகச் சொல்லிக் கொடுத்தார். இதை வைத்து கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பாடநூல்களும் எழுதினார். அறிவியல் என்பது நம்பிக்கை சமாச்சாரம் இல்லை, சரிபார்க்கிற சமாச்சாரம் என்பதுதான் அவர் வகுப்பின் சாரம். இந்தக் குணம்தான் பின்னாடி அவரைக் காற்றாலையிடம் கொண்டு போய்ச் சேர்த்தது.

கிராமத்துக்கு எப்போ கரண்ட் வரும்?

1880-களில் ஐரோப்பிய நகரங்களில் மின்விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. தொழிற்சாலைகள் வளர்ந்தன. அங்கே வேலை இருக்கு, வெளிச்சம் இருக்கு. கிராமத்து இளைஞர்கள் நகரத்தை நோக்கிக் கிளம்பினார்கள். மின்சாரம் நகரத்தோடு நின்றுவிட்டால், தன்னிடம் படிக்கிற பிள்ளைகளின் ஊர்கள் காலியாகிவிடும் என்பது லா கூரின் கவலை.

டென்மார்க்கில் சொந்தமாக நிலக்கரி கிடையாது. வெளிநாட்டில் இருந்து கப்பலில் வர வேண்டும். அருவி விழும் மலைகளும் இல்லை. தட்டையான நாடு. ஆனால் கடல் சூழ்ந்த நாடு என்பதால் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. மாவு அரைக்கும் காற்றாலைகள் நூற்றாண்டுகளாக ஊர் ஊருக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. அதே காற்றில் மின்சாரம் எடுத்தால் என்ன?

இந்த யோசனை வந்த முதல் ஆள் லா கூர் இல்லை. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் 1887-லேயே காற்றில் மின்சாரம் எடுத்துத் தன் வீட்டு விளக்கை எரித்தார். அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் சார்லஸ் பிரஷ் 144 பிளேடுகள் கொண்ட பிரம்மாண்ட காற்றாலையைத் தன் மாளிகைத் தோட்டத்தில் நிறுத்தினார். ஆனால் அவை தனி மனிதர்களின் வீட்டுக்கானவை. ஊருக்கு ஊர் வைக்கக்கூடிய, விவசாயிக்குக் கட்டுப்படியாகும் ஒன்றை உருவாக்க வேண்டும் என்று தொடர்ச்சியாக ஆராய்ச்சி செய்ததுதான் லா கூர் செய்த புது வேலை.

அரசிடம் உதவி கேட்டார். கிடைத்தது. 1891-ல் ஆஸ்கோவ் பள்ளிக்குப் பக்கத்தில் முதல் சோதனைக் காற்றாலை எழுந்தது. பேரே சோதனை ஆலைதான்.

முதல் சிக்கல்: காற்று ஒரே மாதிரி வீசாது

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. ஆனா ஆடியிலும் காற்று ஒரே சீராக வீசாது. ஒரு நிமிஷம் தூக்கியடிக்கும், அடுத்த நிமிஷம் அடங்கிடும். மாவு அரைக்கும் கல் இதைத் தாங்கும். கொஞ்சம் வேகமா அரைக்கும், கொஞ்சம் மெதுவா அரைக்கும், அவ்வளவுதான். டைனமோ தாங்காது. வேகம் மாறினால் மின்னழுத்தம் மாறும், விளக்கு மினுக்கும், சில நேரம் பல்பே போகும்.

லா கூர் இதற்கு கிராட்டோஸ்டாட் என்ற கருவியை உருவாக்கினார். கப்பி, பெல்ட், எடைக்கல் மூன்றையும் வைத்து ஒரு ஏற்பாடு. காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும், டைனமோவுக்குப் போகும் இழுவிசை ஒரு அளவுக்கு மேல் போகாது. அதிகப்படியான வேகம் பெல்ட் வழுக்குவதில் போய்விடும். விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. ஊர்க் கொல்லரும் தச்சரும் சேர்ந்து செய்யக்கூடிய விஷயம்.

இரண்டாவது சிக்கல்: காற்று இல்லாத ராத்திரி?

காற்று அடிக்கும்போது கரண்ட் வரும். அடிக்காதபோது? இன்னைக்கும் காற்றாலை பற்றிப் பேசினால் வரும் முதல் கேள்வி இதுதான். அப்போது பேட்டரி இருந்தது, ஆனால் விலை அதிகம்.

லா கூர் எடுத்த வழி இன்று நாம் பசுமை ஹைட்ரஜன் என்று பேசுவதுதான். காற்றாலை மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தி, அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார். வாயுக்களைத் தொட்டிகளில் சேமித்தார். தேவைப்படும்போது குழாய் வழியாக விளக்குக்கு அனுப்பினார். இத்தாலியைச் சேர்ந்த பொம்பேயோ கருட்டி உருவாக்கிய மின்னாற்பகுப்புக் கருவி இதற்கு உதவியது. 1895 முதல் 1902 வரை ஆஸ்கோவ் பள்ளி இந்த ஹைட்ரஜன் வெளிச்சத்தில்தான் நடந்தது.

ஆபத்து இல்லாமல் இல்லை. ஹைட்ரஜனோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துவிட்டால் வெடிக்கும். அப்படி வெடித்ததில் பள்ளிக் கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடிகளைப் பல முறை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு பேட்டரிகள் வந்ததும் லா கூர் தயங்காமல் அந்தப் பக்கம் மாறிவிட்டார். தன் கண்டுபிடிப்பு என்பதற்காக அதையே பிடித்துத் தொங்கவில்லை. ஆஸ்கோவ் ஆலை கிராமத்துக்கே கரண்ட் கொடுக்கும் நிலையமாக மாறியது.

எந்த இறக்கை நல்ல இறக்கை?

இப்போதான் கதையோட முக்கியமான இடத்துக்கு வர்றோம்.

அந்தக் காலத்தில் காற்றாலை கட்டும் ஆசாரிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. இறக்கையை இவ்வளவு சாய்க்கணும், இத்தனை இறக்கை வைக்கணும், அகலம் இவ்வளவு இருக்கணும். எல்லாம் பரம்பரை அனுபவம். அதில் பல உண்மையும் இருந்தது, சில தப்பும் இருந்தது. எது உண்மை, எது தப்பு என்று பிரிக்க வழி இல்லை. ஏன்னா வெட்டவெளியில் இரண்டு ஆலைகளை ஒப்பிடவே முடியாது. இங்கே அடிக்கிற காற்று அங்கே அடிக்காது. நேற்று அடித்த காற்று இன்னைக்கு இல்லை.

அதனால் லா கூர் காற்றையே வீட்டுக்குள் கொண்டு வந்தார். விசிறியால் காற்றைத் தள்ளும் பெரிய குழாய்கள். அதிலிருந்து வரும் சீரான காற்றோட்டத்தில் சின்னச் சின்ன மாதிரி இறக்கைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் விழும் விசையை அளந்தார். இதுதான் விண்ட் டனல். இங்கிலாந்தில் 1871-லேயே ஒரு விண்ட் டனல் வந்துவிட்டது. ஆனால் காற்றாலை இறக்கைக்காக அதைப் பயன்படுத்திய முன்னோடிகளில் லா கூர் முக்கியமானவர். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் தங்கள் விண்ட் டனலைக் கட்டியது 1901-ல். லா கூரின் சோதனைகள் அதற்குச் சில வருடங்கள் முன்பே நடந்துவிட்டன.

1897-ல் ஆஸ்கோவில் இன்னும் பெரிய சோதனை ஆலை கட்டப்பட்டது. குழாயில் கிடைத்த முடிவு நிஜக் காற்றிலும் சரியாக வருகிறதா என்று பார்க்க முடிந்தது.

சோதனை என்ன சொன்னது?

முதலாவது, காற்று இறக்கையின் முன்பக்கம் மோதித் தள்ளுவது மட்டும் விசை இல்லை. இறக்கையின் பின்பக்கம் உறிஞ்சும் விசையும் உருவாகிறது. வோக்ட், இர்மிங்கர் ஆகிய டென்மார்க் பொறியாளர்களும் அதே காலத்தில் இதை ஆராய்ந்தார்கள். இந்தப் புரிதல்தான் விமானத்தின் சிறகுக்கும் அடிப்படை.

இரண்டாவது, நிறைய பிளேடு இருந்தால் நிறைய மின்சாரம் என்பது தப்பு. கிணற்றில் தண்ணீர் இறைக்க, மெதுவாக ஆனால் பலமாகச் சுற்றும் பல பிளேடு ஆலை சரி. டைனமோவுக்குத் தேவை வேகம். அதற்கு நல்ல வடிவில் செய்த குறைவான பிளேடுகள்தான் சரி. லா கூர் தன் ஆலைக்கு நான்கு போதும் என்று முடிவு செய்தார். இன்று பெரிய காற்றாலைகளில் மூன்று பிளேடு மட்டும் இருப்பதைப் பார்த்தால் அந்தத் திசை எவ்வளவு சரி என்று புரியும்.

இந்த முடிவுகளை 1900-லும் 1903-லும் சோதனை ஆலை என்ற தலைப்பிலேயே புத்தகங்களாக வெளியிட்டார். ஆலை கட்டுகிற யாரும் எடுத்துப் படிக்கலாம். எண்களைப் பார்த்து, தான் கட்டும் ஆலையைத் திருத்திக்கொள்ளலாம்.

மிஷின் மட்டும் போதுமா?

போதாது என்பது லா கூருக்குத் தெரிந்திருந்தது. ஊருக்குள் காற்றாலை வந்தாலும், வயரிங் செய்ய, பேட்டரியைப் பராமரிக்க, பழுது பார்க்க ஆள் வேண்டும். நகரத்தில் இருந்து எலக்ட்ரீஷியன் வந்துபோவது நடக்காத காரியம்.

1903-ல் டென்மார்க் காற்று மின்சாரச் சங்கம் தொடங்கப்பட்டது. எந்த ஊருக்கு எந்த அளவு ஆலை, எப்படி நிறுவுவது என்று கிராமங்களுக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலை. காற்று மின்சாரத்துக்கு என்றே ஒரு பத்திரிகையும் வந்தது. 1904 முதல் ஆஸ்கோவில் கிராமத்து இளைஞர்களுக்கு எலக்ட்ரீஷியன் பயிற்சி ஆரம்பமானது. படித்து முடித்தவர்கள் ஊர் ஊராகப் போய் வேலை செய்தார்கள்.

அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பதின்ம வயதுப் பையன் ஒருவரின் பெயர் யோஹான்னஸ் யூல். இந்தப் பெயரை நினைவில் வெச்சுக்கோங்க.

1908 ஏப்ரல் 24-ம் தேதி லா கூர் ஆஸ்கோவில் காலமானார். வயது 62. அவர் ஆலை இருந்த இடத்தில் இன்று அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது.

அவருக்குப் பிறகு என்ன ஆச்சு?

முதல் உலகப் போர் வந்தது. எரிபொருள் தட்டுப்பாடு. லா கூர் வழியில் கட்டிய காற்றாலைகள் கிராமங்களுக்குக் கை கொடுத்தன. போர் முடிந்து எரிபொருள் மலிவானதும் மவுசு குறைந்தது. பெரிய மின் நிலையங்கள் வந்தன, கம்பிகள் ஊருக்குள் நீண்டன. காற்றாலை பழைய கதை என்று பலரும் நினைத்துவிட்டார்கள்.

அந்தப் பையன் யூல் மட்டும் மறக்கவில்லை. மின்வாரியப் பொறியாளராக வளர்ந்த அவர், 1957-ல் டென்மார்க்கின் கெட்ஸர் என்ற ஊரில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுத்தினார். மூன்று பிளேடு, 24 மீட்டர் விட்டம். வேகம் எல்லை மீறினால் பிளேடின் நுனி தானாகத் திரும்பி பிரேக் போடும். பெரிய பராமரிப்பு இல்லாமல் பத்து வருடம் ஓடியது. 1970-களில் உலகம் மறுபடி காற்றாலை பக்கம் திரும்பியபோது, அமெரிக்காவின் நாசா அளவீடு எடுக்கக் கேட்டது இந்தப் பழைய ஆலையைத்தான்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி. டென்மார்க்கில் தச்சர்கள், விவசாய இயந்திரம் செய்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் சின்ன காற்றாலைகளைக் கட்டி விற்க ஆரம்பித்தார்கள். சில நன்றாக ஓடின. சில காற்றில் கட்டுமீறிச் சுற்றி உடைந்து சிதறின. வாங்குபவருக்கு எது நல்லது என்று எப்படித் தெரியும்? லா கூர் காலத்துக் கேள்வியே திரும்பி வந்தது.

1978-ல் ரிஸோ என்ற இடத்தில் இருந்த தேசிய ஆய்வகத்தில் சிறு காற்றாலைகளுக்கான சோதனை நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த வருடம் வந்த சட்டம் புத்திசாலித்தனமானது. காற்றாலை வாங்குபவருக்கு விலையில் 30 சதவீதம் அரசு மானியம். ஆனால் ஒப்புதல் பெற்ற மாடலுக்கு மட்டும்தான்.

இந்த ஒரு நிபந்தனை ஆட்டத்தையே மாற்றியது. ஒப்புதல் இல்லாத மிஷினை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால், தயாரிப்பாளர்களே சோதனைக்கு வந்து நின்றார்கள். ஒன்றை ஒன்று சாராத இரண்டு பிரேக் வேண்டும் என்று நிலையம் கண்டிப்பாகச் சொன்னது. ஒன்று பழுதானாலும் இன்னொன்று நிறுத்த வேண்டும். சோதித்த பொறியாளர்கள் குறையைச் சொன்னதோடு நிற்காமல், எப்படித் திருத்துவது என்றும் தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். 1980-களில் கலிபோர்னியாவின் மலைகளில் டென்மார்க் காற்றாலைகள் வரிசை வரிசையாக நின்றதற்கு இந்தச் சோதனைப் பழக்கமும் ஒரு காரணம்.

லா கூர் தன் வாழ்நாளில் யாருக்கும் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் பொதுப் பணத்தில் ஒரு சோதனை இடம், எல்லோரும் படிக்கக்கூடிய முடிவு, ஊருக்குள் பயிற்சி பெற்ற ஆள் என்ற மூன்றையும் முதலில் ஒன்றாக நடத்திக் காட்டியது அவர்தான்.

இதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு. தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றுதான் நமக்குத் தெரியும். இந்தியாவின் காற்றாலை சோதனை நிலையம் இருப்பதும் அதே கயத்தாறில்தான். சென்னை பள்ளிக்கரணையில் தலைமையகம் கொண்ட தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இதை நடத்துகிறது. 1998-ல் இந்த நிறுவனம் வேறு பெயரில் தொடங்கப்பட்டபோது, கயத்தாறு சோதனை நிலையத்துக்குத் தொழில்நுட்ப உதவியும் ஒரு பகுதி நிதியும் வந்தது டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பிடமிருந்து. ஆஸ்கோவில் கிளம்பிய பழக்கம் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

சின்ன காற்றாலைகளும் இங்கே சோதிக்கப்படுகின்றன.

சோதனையில் என்ன பார்ப்பாங்க?

உலக அளவில் சின்ன காற்றாலை என்றால், பிளேடுகள் சுற்றும் வட்டத்தின் பரப்பு 200 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதாவது சுமார் 16 மீட்டர் விட்டம் வரை. சோதனையில் முக்கியமாக நான்கு விஷயங்கள்.

ஒன்று, எந்தக் காற்று வேகத்தில் எவ்வளவு மின்சாரம்.

இரண்டு, எவ்வளவு சத்தம்.

மூன்று, மின்கம்பி அறுந்தாலோ காற்று எல்லை மீறினாலோ பாதுகாப்பாக நிற்கிறதா.

நான்கு, நீண்ட நாள் தாங்குமா. இதற்குக் குறைந்தது 6 மாதம் ஓட வேண்டும். அதில் 2,500 மணி நேரம் மின்சாரம் உற்பத்தி செய்திருக்க வேண்டும். பலத்த காற்றில் ஓடிய நேரமும் குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும்.

நாலாவது சோதனையில்தான் நெருக்கடியே. ஒரு மேடையில் ஒரு மிஷின் ஏறினால் அரை வருடத்துக்கு அந்த மேடை காலி இல்லை. காற்று சீசன் தப்பிவிட்டால் இன்னும் நீளும். கோபுரம், காற்றளவிக் கம்பம், கருவிகள், தரவு பார்க்கும் பொறியாளர் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. பெரிய கம்பெனிக்கு இது கணக்கிலேயே வராது. வருடத்துக்குச் சில டஜன் மிஷின் விற்கும் பட்டறைக்கு இது மலை. அதனால் சிலர் சோதனைக்கே வராமல் நோட்டீஸை மட்டும் அச்சடிக்கிறார்கள். நஷ்டம் வாங்குபவருக்கும், ஒழுங்காகச் செய்யும் இன்னொரு தயாரிப்பாளருக்கும்.

சோதனை மேடைகளைக் கூட்டுவது, பல்கலைக்கழகங்களையும் பாலிடெக்னிக்குகளையும் இதில் சேர்ப்பது, சின்ன தயாரிப்பாளரின் சோதனைச் செலவில் பொதுப் பணம் பங்கு போடுவது, இதெல்லாம்தான் வழி. புதுசா எதுவும் இல்லை. ஆஸ்கோவில் அரசு பணம் கொடுத்தது, பள்ளி இடம் கொடுத்தது, வாத்தியார் அளந்தார்.

நீங்க வாங்கப் போறீங்களா? இதைக் கவனிங்க

காற்றின் சக்தி அதன் வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. இதையே திருப்பிப் பாருங்க. நொடிக்கு 11 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் காற்றில் 1 கிலோவாட் தரும் மிஷின், உங்க மாடியில் நொடிக்கு 5 மீட்டர் காற்றுதான் வீசுகிறது என்றால் கணக்குப்படி 100 வாட்கூடத் தராது. அதனால் கிலோவாட் எண்ணை மட்டும் பார்க்காதீங்க. எந்த வேகத்தில் அந்த எண் என்று கேளுங்க.

சராசரியாக நொடிக்கு 5 மீட்டர் காற்று வீசும் இடத்தில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்க. அந்த எண்ணை யார் அளந்தது என்று கேளுங்க. தயாரிப்பாளரே அளந்ததா, வெளியே ஒரு சோதனை நிலையம் அளந்ததா? சான்றிதழ் இருந்தால், அதில் இருக்கும் மாடல் பெயரும் உங்களுக்கு விற்கும் மாடல் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்க. பிரேக் எத்தனை, எப்படி வேலை செய்யும் என்பதையும் விட்டுடாதீங்க.

இந்தக் கேள்வி எதற்கும் என்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. பரீட்சையே இல்லாத ஒரு பள்ளியில், விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு லா கூர் சொல்லிக் கொடுத்ததும் இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான். மாணவர்களுக்குப் பரீட்சை வைக்காத அந்தப் பள்ளி, காற்றாலைக்கு மட்டும் விடாமல் பரீட்சை வைத்தது.